குளோரினை நிறுத்திவிடலாமா? குழாய்நீர் ஆய்வறிக்கையில் 92 என்று வந்தவருக்கு ஒரு பதில்

கேள்வி இது: குழாய்நீரில் குளோரின் வாடை அடிக்கிறது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் லிட்டருக்குக் குளோரோஃபார்ம் 58 மைக்ரோகிராம், புரோமோடைகுளோரோமீத்தேன் 24, டைபுரோமோகுளோரோமீத்தேன் 9, புரோமோஃபார்ம் 1 என்று வந்திருக்கிறது. கூட்டினால் 92. இது புற்றுநோய் தருமா? குளோரின் போடாத நீருக்கு மாறிவிடலாமா? காய்ச்சினால் போகுமா? ஆர்.ஓ. கருவி வைத்தால் போதுமா?

இரண்டாவது கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. மாறாதீர்கள். கிருமி நீக்காத நீர் காலராவையும் டைபாய்டையும் சில நாட்களிலோ வாரங்களிலோ கொண்டுவந்து சேர்க்கக்கூடும். உங்கள் அறிக்கையில் உள்ள பொருள்களைப் பற்றிய கவலையோ பல பத்தாண்டுகள் தொடர்ந்து உட்கொள்வதைப் பற்றியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இந்தத் துணைவிளைபொருள்களைக் குறைக்கும் முயற்சியில் கிருமிநீக்கத்தில் சமரசம் செய்யவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதற்காக, அளவு குறித்துக் கேட்பதே தவறு என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குறைக்க வழிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை குளோரினில் கை வைக்காதவை.

இவை எங்கிருந்து வருகின்றன? குளோரினுக்குள் இருந்து அல்ல. இலை, தழை, பாசி, மண்ணின் மட்கு ஆகியவை கரைந்த நீரில் ஹியூமிக் அமிலம், ஃபல்விக் அமிலம் போன்ற கரிமப் பொருள்கள் இருக்கும். குளோரின் கிருமியைத் தேடிப் போவதில்லை, எதிர்ப்படுவதையெல்லாம் தாக்கும். அப்படிக் கரிமப் பொருளோடு வினைபுரியும்போது மிச்சமாகக் கிடைப்பவைதான் உங்கள் அறிக்கையிலுள்ள நான்கும். இவற்றுக்கு டிரைஹாலோமீத்தேன்கள் என்று பெயர். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் யொஹானஸ் ரூக் என்ற வேதியியலாளர் 1974-இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவிலும் தனியே கண்டறிந்தார்கள். அதுவரை பல பத்தாண்டுகளாகக் குளோரினிட்ட நீரைக் குடித்துவந்த உலகத்துக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்று 700-க்கும் மேற்பட்ட துணைவிளைபொருள்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

புரோமின் சேர்ந்த மூன்றும் எப்படி வந்தன என்பதைக் கவனியுங்கள். யாரும் நீரில் புரோமின் போடவில்லை. நிலத்தடி உப்பிலிருந்தோ கடல்நீர்க் கலப்பிலிருந்தோ வந்த புரோமைடு உங்கள் மூலநீரில் இருக்கிறது. குளோரின் அதை ஹைப்போபுரோமஸ் அமிலமாக மாற்றுகிறது. அது குளோரினைவிட வேகமாகக் கரிமப் பொருளைப் பிடிக்கிறது. ஆகவே புரோமைடு சிறிதளவு இருந்தாலே போதும், கலவையின் முகம் மாறிவிடும். இது ஏன் முக்கியம் என்று எண்களுக்கு வரும்போது தெரியும்.

அளவைத் தீர்மானிப்பவை: கரிமப் பொருளின் அளவு, குளோரின் அளவு, வெப்பநிலை, பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்), தொடர்பு நேரம் (குளோரின் நீரோடு சேர்ந்திருக்கும் நேரம்). கோடையில் கூடும். குழாய் வலையின் கடைக்கோடியில் கூடும். பி.எச். உயர்ந்தால் டிரைஹாலோமீத்தேன் கூடும், பி.எச். தாழ்ந்தால் அதன் இன்னொரு குடும்பமான ஹாலோஅசிட்டிக் அமிலங்கள், குறிப்பாக டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம், கூடும். உங்கள் அறிக்கையில் அந்த இரண்டாவது குடும்பமே இல்லை. அடுத்த முறை அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாடையை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். லிட்டருக்கு 92 மைக்ரோகிராம் அளவில் டிரைஹாலோமீத்தேன் மூக்குக்குத் தெரியாது. கடுமையான "குளோரின் வாடை" பெரும்பாலும் நீரிலுள்ள அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் டைகுளோரமின், டிரைகுளோரமின் ஆகியவற்றின் வாடை. வாடையே இல்லாத நீரில் 150 இருக்கலாம். வாடை அடிக்கும் நீரில் 10 இருக்கலாம்.

இனி உங்கள் 92. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு நான்கும் சேர்ந்து 100, தேறுகிறது. அமெரிக்க வரம்பு 80, தேறவில்லை. ஆனால் அது ஒரு மாதிரிக்கான வரம்பு அல்ல, ஒரே இடத்தில் காலாண்டுக்கு ஒருமுறை எடுத்த நான்கு மாதிரிகளின் ஆண்டுச் சராசரிக்கானது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 நான்கையும் தனித்தனியே பார்க்கிறது: குளோரோஃபார்முக்கு 200, புரோமோடைகுளோரோமீத்தேனுக்கு 60, மற்ற இரண்டுக்கும் 100. அதிலும் தேறுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குதான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அது நஞ்சின் தன்மைக்கேற்ப எடைபோடுகிறது. குளோரோஃபார்முக்கு 300, புரோமோடைகுளோரோமீத்தேனுக்கு 60, மற்ற இரண்டுக்கும் 100. ஒவ்வொன்றின் அளவையும் அதனதன் வரம்பால் வகுத்துக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டக் கூடாது. உங்களுக்கு 58/300 = 0.19; 24/60 = 0.40; 9/100 = 0.09; 1/100 = 0.01. மொத்தம் 0.69. அறிக்கையில் பெரிதாகக் கண்ணில் படுவது 58. ஆனால் பாதிக்கு மேற்பட்ட சுமை அந்த 24-இலிருந்து வருகிறது. 92 என்ற ஒற்றை எண் இதை மறைத்துவிடுகிறது. குளோரோஃபார்ம் விலங்குகளில் கட்டி உண்டாக்குவது, திசுக்கள் சிதைந்து மீண்டும் மீண்டும் வளரும் அளவுக்கு அதிக அளவு கொடுக்கும்போதுதான். அதனால் அதற்கு ஒரு பாதுகாப்பான எல்லை உண்டு என்று கருதப்படுகிறது. புரோமோடைகுளோரோமீத்தேன் அப்படியல்ல. உடலில் ஜி.எஸ்.டி.டி.1 என்ற நொதி அதை டி.என்.ஏ.-வைத் தாக்கும் பொருளாக மாற்றக்கூடியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை எட்ட வேண்டிய இலக்காகக் குளோரோஃபார்முக்கு 70 என்றும் இதற்குப் பூஜ்யம் என்றும் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

புற்றுநோய் பற்றி நேராகச் சொன்னால், மனிதர்களில் ஓரளவு சீராகத் தென்படும் தொடர்பு சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடுதான். பல பத்தாண்டுகள் டிரைஹாலோமீத்தேன் மிகுந்த நீரைப் பயன்படுத்தியவர்களில், குறிப்பாக ஆண்களில், அது கூடுதலாகக் காணப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஆய்வு, அங்குள்ள சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் சுமார் 5 சதவீதம், ஆண்டுக்கு ஏறத்தாழ 6,500 பேர், இதனால் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அங்கே சராசரி அளவு லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்கும் குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனால் இது தொடர்பைக் காட்டும் மதிப்பீடு. காரணத்தை நிறுவிய நிரூபணம் அல்ல. டிரைஹாலோமீத்தேன்தான் குற்றவாளியா, அதோடு கூடவே உருவாகும் வேறொன்றா என்பதும் தீராத கேள்வி. நீரில் குளோரினேற்றப்பட்ட கரிமப் பொருளின் மொத்த அளவில் பெரும்பகுதிக்கு இன்னும் பெயரே வைக்கப்படவில்லை. ஆகவே 92-ஐ ஓர் அடையாளக்குறியாக எடுத்துக்கொள்ளுங்கள்: அது கூடினால் மற்றவையும் பொதுவாகக் கூடியிருக்கும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகைபிடித்தல் இதைவிடப் பல மடங்கு பெரிய காரணம். வீட்டில் புகைப்பவர் இருந்தால் வடிகட்டிக்கு முன் அதைக் கவனியுங்கள்.

கருச்சிதைவு பற்றி அச்சமூட்டும் செய்திகள் சுற்றிவருகின்றன. கலிபோர்னியாவில் 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, 75 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ உள்ள குழாய்நீரை நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்த கர்ப்பிணிகளிடம் கருச்சிதைவு கூடியிருந்ததாகச் சொன்னது. பின்னர் இன்னும் கவனமாகத் திட்டமிட்டுச் செய்த ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கீழே சொல்லும் கரி வடிகட்டியை வைத்துக்கொள்வது நியாயமான எச்சரிக்கை. அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது தவறு.

பலர் தவறவிடும் ஒரு விஷயம், இவை வாய்வழியே மட்டும் உடலுக்குள் போவதில்லை. குளோரோஃபார்ம் 61 பாகை செல்சியஸில் கொதிக்கும் பொருள். வெந்நீர் ஷவரில் அது காற்றில் ஏறி மூச்சில் போகிறது; தோல் வழியாகவும் நுழைகிறது. பத்து நிமிட ஷவருக்குப் பின் இரத்தத்தில் காணப்படும் அளவு, அதே நீரை ஒரு லிட்டர் குடித்த பிறகு காணப்படுவதைவிட அதிகம். காரணம், குடித்தது குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்ப் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. மூச்சிலும் தோலிலும் நுழைந்தது அந்த வழியாகப் போவதில்லை. குளியலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள் அல்லது காற்றை வெளியேற்றும் விசிறியைப் போடுங்கள், நீரின் சூட்டைக் குறையுங்கள், குளியலை நீட்டாதீர்கள். ஷவர் தலையில் மாட்டும் வடிகட்டிகளில் நீர் ஓரிரு நொடிகூட நிற்பதில்லை. குளோரினை ஓரளவு எடுக்கும். டிரைஹாலோமீத்தேனுக்கு அதை நம்ப வேண்டாம்.

காய்ச்சினால் போகுமா? திறந்த பாத்திரத்தில் ஐந்து நிமிடம் தளதளவென்று கொதித்தால் டிரைஹாலோமீத்தேனில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மூடியைப் போட்டால் ஆவி திரும்பவும் நீரிலேயே விழும். தானாக அணையும் மின்கெண்டியில் கொதித்த உடனே சூடேற்றுவது நின்றுவிடுவதால் அவ்வளவு போகாது. சூட்டில் மிச்சக் குளோரின் கரிமப் பொருளோடு இன்னும் வேகமாக வினைபுரிந்து புதிதாகச் சிறிது உண்டாக்கவும் செய்யும். ஹாலோஅசிட்டிக் அமிலங்களின் கதை வேறு. டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் சூட்டில் சிதைந்து குளோரோஃபார்மாகி வெளியேறுகிறது; டைகுளோரோஅசிட்டிக் அமிலம் அப்படியே நிற்கும், சில வேளைகளில் சற்றே கூடும். கொதிக்கும் அடுப்பின் மேல் புகைபோக்கியோ திறந்த ஜன்னலோ இருக்கட்டும், இல்லாவிட்டால் நீரிலிருந்து போனதை நீங்களே மூச்சில் வாங்குவீர்கள்.

குடத்தில் பிடித்து இரவெல்லாம் மூடி வைப்பது பயன் தராது. மிச்சக் குளோரின் இருக்கும்வரை வினை நடந்துகொண்டே இருக்கும். காலையில் அளவு கூடியிருக்கும். அஸ்கார்பிக் அமிலம் போட்டால் குளோரின் அழிந்து, புதிதாக உருவாவது நிற்கும். ஏற்கெனவே உருவானது அப்படியே இருக்கும்.

வீட்டுக்கு ஏற்ற வழி கிளர்வூட்டிய கரி வடிகட்டி. அதிலும் தூள்மணிகளாகக் கொட்டியதைவிட அழுத்திச் செய்த கட்டிக் கரி மேல். வாங்கும்போது என்.எஸ்.எஃப். என்ற அமெரிக்கத் தரநிறுவனத்தின் 53-ஆம் எண் தரச்சான்றில் டிரைஹாலோமீத்தேன் அல்லது ஆவியாகும் கரிமப் பொருள்கள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். என்.எஸ்.எஃப். 42 என்பது குளோரின், சுவை, வாடைக்கு மட்டுமானது. அதை வைத்து ஏமாந்துபோகிறவர்கள் ஏராளம்.

கரி குளோரினை எடுப்பது ஒரு வேதிவினை. அது நெடுநாள் நடக்கும். டிரைஹாலோமீத்தேனை எடுப்பதோ பரப்பில் ஒட்டவைத்துக்கொள்வது; அந்த இடங்கள் விரைவிலேயே நிரம்பிவிடும். நான்கில் குளோரோஃபார்ம்தான் மிக இலேசாக ஒட்டுவது, ஆகவே அதுதான் முதலில் நழுவும். அதற்குப் பிறகும் தண்ணீர் வாடையில்லாமல், சுவையாகவே இருக்கும். நிரம்பிய கரியில் இன்னும் நன்றாக ஒட்டும் பொருள் வந்தால், முன்பு பிடித்த குளோரோஃபார்மைத் தள்ளிவிடவும் கூடும். அப்போது வடிகட்டிய நீரில் உள்ளே போனதைவிட அதிகம் வரும். எனவே "சுவை மாறும்போது மாற்றலாம்" என்ற பேச்சை விடுங்கள். உறையில் டிரைஹாலோமீத்தேனுக்காகக் குறிப்பிட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 12 லிட்டர் எடுக்கும் வீட்டில் 1,000 லிட்டர் கொள்ளளவுள்ள கரிக்கட்டி 83 நாளில் முடிந்துவிடும்.

கரியைத் தாண்டிய நீரில் குளோரின் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கரிக்குள் பாக்டீரியா வளரும். இரவு முழுக்க நின்ற நீரை அரை நிமிடம் திறந்துவிட்டுப் பிடியுங்கள். வடிகட்டிய நீரை அன்றே தீர்த்துவிடுங்கள்.

ஆர்.ஓ. சவ்வு மின்னூட்டம் பெற்ற ஹாலோஅசிட்டிக் அமிலங்களை நன்றாகத் தடுக்கும். குளோரோஃபார்ம் சிறியது, மின்னூட்டமற்றது; அதில் கணிசமான பங்கு சவ்வைத் தாண்டிவிடும். ஆர்.ஓ. கருவியில் அதைப் பிடிப்பது முன்னும் பின்னும் உள்ள கரிக் குழல்கள்தான். அவற்றை நேரத்துக்கு மாற்றாத ஆர்.ஓ. இந்த விஷயத்தில் பெரிதாக உதவாது. டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பை மட்டுமே காட்டும். அதில் 30 என்று வந்தாலும் 500 என்று வந்தாலும் டிரைஹாலோமீத்தேன் பற்றி ஒன்றும் தெரியாது.

கிணறோ தொட்டியோ வைத்துத் தாங்களே குளோரின் போடுபவர்கள் இந்தப் பிரச்சினையைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வது அதிகம். சேறும் பாசியும் படிந்த தொட்டியில் கண்ணளவாகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதுதான் துணைவிளைபொருள் செய்வதற்கான சரியான செய்முறை. முதலில் தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள். பிறகு தேவையை அளந்து பாருங்கள். 30 சதவீதக் குளோரின் உள்ள புதிய பிளீச்சிங் பவுடர் 3.3 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தெளியவிட்டால், தெளிவில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் குளோரின் இருக்கும். ஐந்து புட்டிகளில் தொட்டி நீரை ஒரு லிட்டர் வீதம் பிடித்து, அந்தத் தெளிவை 1, 2, 3, 4, 5 மில்லிலிட்டர் என்று விடுங்கள். அரை மணி நேரம் கழித்து டி.பி.டி. மாத்திரையால் (குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரை) எஞ்சிய குளோரினைப் பாருங்கள். 0.5 மில்லிகிராம் காட்டும் புட்டி எதுவோ அதுதான் உங்கள் நீருக்கான அளவு.

இரண்டாவது புட்டி என்று வைத்துக்கொண்டால், 1,000 லிட்டருக்கு 2 கிராம் குளோரின் வேண்டும். 30 சதவீதப் பவுடரில் 6.7 கிராம், 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவத்தில் 40 மில்லிலிட்டர். பவுடரைக் குழைத்து, நீர்விட்டுக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஐந்தாவது புட்டியிலும் பூஜ்யம் வந்தால் மேலும் மேலும் ஊற்றாதீர்கள். அந்த நீரில் கரிமப் பொருளோ அம்மோனியாவோ மிகுந்திருக்கிறது. மூலத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். டி.பி.டி.யில் இன்னொரு பொறி உண்டு: குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு நிறமே வெளுத்துப் பூஜ்யம்போலத் தெரியும். சந்தேகம் வந்தால் மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துத் திரும்பப் பாருங்கள்.

ஹைப்போகுளோரைட் திரவத்தை வெயிலில் வைக்காதீர்கள், மாதக்கணக்கில் சேர்த்தும் வைக்காதீர்கள். குளோரின் குறைவதோடு அது குளோரேட்டாக மாறுகிறது. சூடு 10 பாகை கூடினால் சிதைவு மூன்று நான்கு மடங்காகும். பழைய திரவத்தில் வலு குறைந்துவிட்டதென்று கூடுதலாக ஊற்றும்போது குளோரேட்டும் சேர்ந்தே நீருக்குள் போகிறது. உலக சுகாதார நிறுவனம் அதற்கு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

உண்மையான தீர்வு சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கிறது. வழங்குபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: குளோரினை எந்த இடத்தில் போடுகிறீர்கள்? மூலநீர் நிலையத்துக்குள் நுழைந்ததுமே போட்டால், எல்லாக் கரிமப் பொருளோடும் அது வினைபுரிகிறது. படிகாரமிட்டுத் தெளியவைத்து வடிகட்டிய பிறகு போட்டால், வினைபுரிய எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். படிகாரம் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்கும்போது கரிமப் பொருளை நன்றாக இழுத்துக்கொண்டு படியும். அதன்பின் குழாய் அரிக்காதபடி பி.எச்.-ஐ உயர்த்திவிட வேண்டும். முதலிலேயே ஒரு ஆக்சிஜனேற்றி தேவையென்றால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருக்கிறது. நீர் நாட்கணக்கில் தேங்கும் தொட்டிகளில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் புரட்டுவதும், குழாய்களின் முட்டுமுனைகளைத் திறந்து கழுவிவிடுவதும் செலவில்லாமல் குறைக்கும் வழிகள்.

குளோரினுக்குப் பதில் வேறொன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. குளோரினோடு அம்மோனியா சேர்த்துச் செய்யும் குளோரமின் டிரைஹாலோமீத்தேனைக் குறைக்கும், ஆனால் புற்றுநோய் தரக்கூடும் எனக் கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்ற நைட்ரோசமினை உண்டாக்கும், ஈயக் குழாய்களையும் பாதிக்கும். வாஷிங்டன் நகரம் 2000-இல் குளோரமினுக்கு மாறியபின், குழாய்க்குள் படிந்திருந்த ஈய ஆக்சைடு கரைந்து வீடுகளின் நீரில் ஈயம் ஏறியது. ஓசோன், புரோமைடு உள்ள நீரில் புரோமேட்டைத் தரும். அதன் வரம்பு 10 மைக்ரோகிராம்தான். உங்கள் மூலநீரில் புரோமைடு இருக்கிறது, ஆகவே ஓசோனுக்கு மாறும் பேச்சு எழுந்தால் இதை நினைவூட்டுங்கள். குளோரின் டைஆக்சைடு குளோரைட்டைத் தரும். புறஊதா ஒளி கிட்டத்தட்ட எதையும் தருவதில்லை, ஆனால் குழாயில் போகும் வழியில் பாதுகாக்க எதையும் மிச்சம் வைப்பதுமில்லை.

அடுத்த மாதிரியை ஆண்டின் வெப்பமான மாதத்தில், இதே குழாயிலேயே எடுங்கள். குழாய் முனையின் சல்லடையைக் கழற்றி, நீரின் சூடு நிலைக்கும்வரை ஓடவிட்டு, பின் ஓட்டத்தைப் பென்சில் தடிமனுக்குக் குறையுங்கள். ஆய்வகம் தரும் 40 மில்லிலிட்டர் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் குளோரினை அழிக்கும் பொடி முன்பே போட்டிருப்பார்கள்; அதைக் கழுவி விடாதீர்கள், நிரம்பி வழியவும் விடாதீர்கள். விளிம்பில் நீர் குமிழாக எழும்வரை நிரப்பி மூடி, தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். காற்றுக்குமிழி தெரிந்தால் அந்தக் குப்பி வீண், ஏனென்றால் குளோரோஃபார்ம் அந்தக் குமிழிக்குள் போய்விடும். பொடியில்லாத பிளாஸ்டிக் புட்டியில் கொண்டுபோனால், வழியிலேயே வினை தொடர்ந்து எண் கூடும், அல்லது ஆவியாகிக் குறையும். ஹாலோஅசிட்டிக் அமிலங்களுக்குத் தனிக் குப்பி, அம்மோனியம் குளோரைடு போட்டது, வேண்டும். இரண்டையும் பனிக்கட்டிப் பெட்டியில் 4 பாகையில் கொண்டுபோங்கள். கரி வடிகட்டி வைத்துவிட்டீர்கள் என்றால், அதன் ஆயுள் முடியப்போகும் வாரத்தில் வடிகட்டிய நீரிலும் ஒரு குப்பி எடுங்கள். புதுக் கரியில் எடுத்தால் எல்லா வடிகட்டியும் நன்றாகத்தான் தெரியும்.